‘செயின்ட் ஆங்கர்’ கேட்பது எப்படி: பறை கேட்டு வளர்ந்த காதுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரையில் மெட்டல் என்கிற முரட்டு ராக் இசை கேட்கிறவர்கள் ரொம்பக் கொஞ்சப் பேர். காளவாசல் பக்கம் ஒரு மாடி அறை வைத்திருக்கிறோம், வாடகையைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஆறேழு பேர் கூடுவோம். வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசிப்பார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். அமெரிக்க மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிகா பற்றிப் பேச்சு வந்தால் எல்லாம் சுமுகமாகத்தான் போகும், ஒரே ஒரு ஆல்பத்தின் பேர் அடிபடுகிற வரைக்கும். 2003 ஜூன் 5-ஆம் தேதி வெளிவந்த ‘செயின்ட் ஆங்கர்’. அந்தப் பேர் வந்ததுமே அறை இரண்டாகப் பிரிந்துவிடும். “எண்ணெய் டின்னத் தட்டுறதுக்கு எதுக்குடா எழுபத்தஞ்சு நிமிஷம்?” என்று ஒரு பக்கம். “அவங்க வேற எதுலடா இப்படி மனசத் தொறந்து காட்டியிருக்காங்க?” என்று மறுபக்கம்.

உலகம் முழுக்க இதே கதைதான். வெளியான வாரமே அமெரிக்காவில் விற்பனையில் முதலிடம். மறு வருடம் தலைப்புப் பாட்டுக்கு மெட்டல் பிரிவில் கிராமி விருது. அதே ஆல்பத்துக்கு பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சனத் தளம் போட்ட மதிப்பெண் 10-க்கு 0.8.

நான் இதை விரும்புகிறவன். ஆனால் இதில் குறையே இல்லை என்று சாதிக்க வரவில்லை. எனக்குப் பட்டது இதுதான்: இந்த ஆல்பத்தைத் திட்டுகிற பலர் பாட்டுக்குள் போகவே இல்லை. ஒரு டிரம்மின் சத்தம் வாசலிலேயே நின்று மறித்துவிட்டது, அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள். தப்பும் உறுமியும் கேட்டு வளர்ந்த நமக்கு உள்ளே போக இன்னொரு வாசல் இருக்கிறது. இரண்டாவது பாட்டோடு நிறுத்தியவர்கள், பேரை மட்டும் கேள்விப்பட்டவர்கள், பிடித்திருந்தும் ஏன் பிடிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர்கள், எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். அவசரப்படாமல் ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

முதல் படி: அந்த இரண்டு வருடம் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

எந்த ஆல்பத்துக்கும் கதை தெரிந்துதான் கேட்க வேண்டும் என்று இல்லை. இதற்கு மட்டும் கொஞ்சம் வேண்டும். ஏனென்றால் இது ஒரு குடும்பம் உடைகிற நேரத்தில் பதிவானது.

2001 ஜனவரியில் பேஸ் கிட்டாரிஸ்ட் ஜேசன் நியூஸ்டெட் விலகினார். 1986-ல் முந்தைய பேஸ் கிட்டாரிஸ்ட் கிளிஃப் பர்ட்டன் விபத்தில் இறந்த பிறகு வந்து சேர்ந்து, பதினான்கு வருடம் கூடவே இருந்தவர். மிச்சம் இருந்த மூன்று பேரும் (பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு, டிரம்மர் லார்ஸ் உல்ரிக், கிட்டாரிஸ்ட் கர்க் ஹாமெட்) ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவின் பிரெசிடியோ பகுதியில், பழைய ராணுவக் குடியிருப்பு ஒன்றைத் தற்காலிக ஸ்டுடியோவாக்கி வேலையைத் தொடங்கினார்கள். ஜூலையில் ஹெட்ஃபீல்டு குடி மறுவாழ்வு சிகிச்சைக்குப் போய்விட்டார். மாதக்கணக்கில் வேலை நின்றது. இசைக்குழு இருக்குமா, கலையுமா என்றே மற்ற இருவருக்கும் தெரியாது.

2002-ல் அவர் திரும்பி வந்தபோது பழைய ஆளாக வரவில்லை. மத்தியானம் பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரைதான் வேலை செய்வேன், நான் இல்லாத நேரத்தில் நீங்கள் மட்டும் உட்கார்ந்து எதையும் முடிவு செய்யக்கூடாது என்றார். இதற்கு முன்பே ஃபில் டவுல் என்ற ஆலோசகரை மாதம் 40,000 டாலர் சம்பளத்தில் வைத்திருந்தார்கள். இவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு உதவுவதுதான் அவர் வேலை. பேஸ் வாசிக்க ஆள் இல்லாததால் தயாரிப்பாளர் பாப் ராக்கே வாசித்தார். ஆல்பம் முழுக்க நீங்கள் கேட்கிற பேஸ் அவருடையது. புது பேஸ் கிட்டாரிஸ்ட் ராபர்ட் ட்ரூஹியோ 2003 பிப்ரவரியில்தான் வந்து சேர்ந்தார்.

இன்னொரு மாற்றம். முன்பெல்லாம் பாட்டு வரிகள் ஹெட்ஃபீல்டின் தனிச் சொத்து. இந்த முறை எல்லோரும் தாளை எடுத்து உட்கார்ந்து எழுதினார்கள். ரிஃபுகளும் (திரும்பத் திரும்ப வருகிற கிட்டார் துண்டுகள்) அப்படித்தான்: சேர்ந்து வாசித்து, மணிக்கணக்கில் பதிவு செய்து, அதிலிருந்து துண்டு துண்டாக வெட்டி ஒட்டிப் பாட்டாக்கினார்கள். சில பாட்டுகளில் ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்குகிற இடத்தில் தையல் தெரியும். ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு எப்போதும் தெரியும்.

இவ்வளவு போதும். இதற்கு மேல் படிக்க வேண்டாம், முக்கியமாக விமர்சனங்களை.

இரண்டாம் படி: ஸ்னேர் டிரம்மைக் கையால் தெரிந்துகொள்ளுங்கள்

மொத்தச் சண்டையும் இங்கேதான் இருக்கிறது என்பதால் இங்கே நின்று நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு டிரம் செட் இருக்கிற இடத்துக்குப் போங்கள். மதுரையில் அது கஷ்டமில்லை. சர்ச்சில் இருக்கும், கல்லூரியில் இருக்கும், லைட் மியூசிக் குழுவில் வாசிக்கிற அண்ணன் யாராவது தெரிந்தவராக இருப்பார். வாசிக்கிறவரின் இரண்டு முழங்காலுக்கு நடுவே தட்டையாக நிற்குமே, அதுதான் ஸ்னேர். குனிந்து அடியில் பாருங்கள். கீழ்த்தோலை ஒட்டி, சுருள் சுருளான மெல்லிய இரும்புக் கம்பிகள் இருபதுக்குப் பக்கத்தில் ஒரு பட்டையாக ஓடும். மேலே அடித்தால் அந்தக் கம்பிகள் தோலோடு உரசிச் ‘சர்’ரென்று ஒரு சீறல் கொடுக்கும். நாம் எல்லாப் பாட்டிலும் கேட்டுப் பழகிய ‘டப்’ அந்தச் சீறலோடு சேர்ந்ததுதான். பக்கவாட்டில் சின்ன நெம்புகோல் ஒன்று இருக்கும். அதைத் தட்டிவிட்டால் கம்பிகள் தோலை விட்டு இறங்கிவிடும். இப்போது அடித்துப் பாருங்கள். சீறல் போய்விட்டது. தோலும் உருளையும் மட்டும் சேர்ந்து ‘டங்ங்’ என்று ரீங்கரிக்கும்.

தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஜீவா நூல் வைப்பார்களே, அதை எடுத்துவிட்டால் நாதம் மொட்டையாகிவிடும். ஸ்னேருக்கு இந்தக் கம்பி அப்படி. கம்பி இல்லாத ஸ்னேரைத்தான் லார்ஸ் உல்ரிக் இந்த ஆல்பம் முழுக்க வாசித்திருக்கிறார். ஒருநாள் நெம்புகோலைப் போட மறந்து வாசித்ததாகவும், பதிவைத் திரும்பக் கேட்டபோது அந்த ஒலி பிடித்துப்போய் அப்படியே வைத்துக்கொண்டதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். கராஜில் நாலு பேர் கூடி வாசிக்கிற மாதிரி கரடுமுரடாக இருக்கட்டும் என்பதுதான் பாப் ராக்கின் எண்ணமும்.

இது ஏன் இவ்வளவு பேரை உறுத்துகிறது? கம்பியின் சீறல் சட்டென்று அணைந்துவிடும், அடுத்த அடிக்கு இடம் விடும். ரீங்காரம் அணைய நேரம் எடுக்கும். வேகமான பாட்டில் ஒரு அடியின் ரீங்காரம் ஓய்வதற்குள் அடுத்தது வந்து விழுகிறது. அதுவும் குரலும் கிட்டாரும் உலவுகிற அதே இடத்தில். மூன்றும் ஒரே வாசலில் முட்டிக்கொள்கின்றன. கிட்டார்களை வேறு பெரும்பாலான பாடல்களில் வழக்கத்தைவிட நன்றாகக் கீழே இறக்கி, அடிக்கம்பியை ‘சி’ ஸ்வரம் வரை தளர்த்தியிருக்கிறார்கள். கீழே ஒரு கனத்த இருட்டு, அதன் தலைக்கு மேல் இந்த ‘டங்ங்’. காதுக்கு ஒளிய இடம் கிடைக்காது.

இப்போது நம்முடைய வாசலுக்கு வருகிறேன். என் தாய்மாமா ஊர் அலங்காநல்லூர் பக்கம். சின்ன வயதில் கோயில் கும்பிடுக்குப் போனால் நான் முதலில் ஓடுவது தப்பு அடிக்கிறவர்கள் இருக்கிற இடத்துக்குத்தான். ஆட்டம் தொடங்கும் முன் வைக்கோலைக் கொளுத்தி, அந்தத் தீயைச் சுற்றி நின்று பறையைச் சூடு காட்டுவார்கள். தோல் இறுகும். விரலால் ஒரு சுண்டு சுண்டிக் காதருகே வைத்துப் பார்ப்பார்கள். இன்னும் தொய்வாக இருந்தால் மறுபடி தீ. ‘கணீர்’ என்று வந்த பிறகுதான் தோளில் மாட்டுவார்கள். வலக்கையில் குட்டையான அடிக்குச்சி, இடக்கையில் நீளமான சிம்புக்குச்சி. பனி இறங்கி நாதம் மங்கினால் பாதி ஆட்டத்தில் திரும்பவும் தீக்கு வருவார்கள். அங்கே யாரும் ரீங்காரத்தை அடக்கப் பார்ப்பதில்லை. ரீங்காரத்துக்காகத்தான் அந்தப் பாடே. “பறை பேசுது” என்று சொல்வது அதைத்தான்.

அந்தக் காதோடு ‘ஃப்ராண்டிக்’ பாட்டின் முதல் நிமிடத்தைக் கேளுங்கள். ஸ்னேரை ஸ்னேராக எதிர்பார்க்காமல் ஒரு தோல் கருவியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது கெட்டுப்போன ஸ்னேராகக் கேட்கவில்லை, சூடேறிய தோலாகக் கேட்கிறது. எது இசை, எது இரைச்சல் என்று தீர்ப்புச் சொல்கிறவர்கள் நம் ஊரில் பறையை எத்தனை காலம் இரைச்சல் பக்கம் தள்ளி வைத்திருந்தார்கள், அந்தத் தீர்ப்புக்குப் பின்னால் சாதி இருந்தது என்பதும் நமக்குத் தெரியும். பணக்கார அமெரிக்க இசைக்குழுவின் கதையும் அதுவும் ஒன்றல்ல. ஆனாலும் அலங்காநல்லூர் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்த ஊரில் இருந்துகொண்டு, ரீங்கரிக்கிற தோலைக் கேட்டதும் “இது சத்தம்” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். 2005. நான் கல்லூரி மூன்றாம் வருடம். இன்னொரு கல்லூரி விழாவில் வெஸ்டர்ன் மியூசிக் போட்டி. நாங்கள் ‘ஃப்ராண்டிக்’ வாசித்தோம், டிரம்ஸ் நான்தான். நெம்புகோலை இறக்கிவிட்டு, அந்த ஒலி அப்படியே வர வேண்டும் என்று மூன்று வாரம் பழகியிருந்தேன். பாட்டு பாதி போயிருக்கும். சவுண்ட் சர்வீஸ் அண்ணன் மேடைக்குப் பின்னால் குனிந்தபடி ஓடி வந்தார். என் காதருகே, “தம்பி, கம்பி கழண்டு கெடக்கு, நீ பாட்டுக்கு வாசி” என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டி நெம்புகோலை மேலே தட்டிவிட்டார். அடுத்த அடியிலேயே ‘சர்’ரென்று வந்தது. கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவன் திரும்பி என்னைப் பார்த்தான். அதுவரை ஒரு கோபம் மாதிரி ஓடிக்கொண்டிருந்த பாட்டு, சட்டென்று யாரோ தலைசீவி விட்ட மாதிரி ஆகிவிட்டது. அந்த அண்ணன் மேல் எனக்கு வருத்தமே இல்லை. உதவி செய்யத்தான் ஓடி வந்தார். ஆனால் கம்பி இருந்தால் அந்தப் பாட்டு எதை இழக்கும் என்பதை அன்றைக்கு மேடையிலேயே, ஒரே பாட்டுக்குள் கேட்டுவிட்டேன். அதற்கு முன்னால் வரை நானே உல்ரிக்கைக் காப்பியடித்துக்கொண்டுதான் இருந்தேன், காரணம் புரியாமல்.

மூன்றாம் படி: கேட்கிற கருவி

சுருக்கமாகச் சொல்கிறேன். பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். கார் ஸ்பீக்கரும் புளூடூத் டப்பாவும் முதல் தடவைக்கு வேண்டாம். சுமாரான ஹெட்போன் போதும். சத்தத்தை வழக்கத்தைவிட இரண்டு படி குறைத்து வையுங்கள். பதிவே உரத்தது, நீங்களும் ஏற்றினால் பத்து நிமிடத்தில் காது களைத்துவிடும். பாட்டு பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள், உண்மையில் காது வலிக்கிறது.

நான்காம் படி: வரிசையை மாற்றிக் கேளுங்கள்

ஆல்பத்தில் 11 பாடல்கள், 75 நிமிடம். ஒரு பாட்டுக்குச் சராசரியாக ஏழு நிமிடம் வருகிறது. முதல் தடவையே தொடக்கத்திலிருந்து கடைசி வரை உட்காராதீர்கள். நான் பலருக்குச் சொல்லி, பலித்த வழி இது.

முதல் நாள், ஆல்பத்திலேயே இல்லாத ஒன்றிலிருந்து தொடங்குங்கள். 2018 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் மேசானிக் அரங்கில் மின்சாரக் கருவிகளை ஓரம் வைத்துவிட்டு ஒரு கச்சேரி செய்தார்கள். அதில் ‘ஆல் விதின் மை ஹேண்ட்ஸ்’ இருக்கிறது. செயின்ட் ஆங்கரின் கடைசிப் பாட்டுதான் அது. அங்கே அந்த டிரம் இல்லை, கூச்சல் இல்லை. மெட்டு மட்டும் தனியாக நிற்கும். எவ்வளவு நல்ல மெட்டு என்று பாருங்கள். அதைக் கேட்ட பிறகு ‘ஃப்ராண்டிக்’, ‘டர்ட்டி விண்டோ’ இரண்டும். இரண்டுமே ஆறு நிமிடத்துக்குள் முடிபவை. ‘டர்ட்டி விண்டோ’ ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக் கேள்வி கேட்கிற ஒருவனின் பாட்டு. ஆல்பத்திலேயே கட்டுக்கோப்பானது என்றால் என் கணக்கில் அதுதான். அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.

இரண்டாம் நாள்: தலைப்புப் பாட்டு, ‘ஸ்வீட் ஆம்பர்’, ‘தி அன்நேம்ட் ஃபீலிங்’. தலைப்புப் பாட்டின் வீடியோவை கலிஃபோர்னியாவின் சான் குவென்டின் சிறைக்குள், அங்கே இருந்த கைதிகளுக்கு முன்னால் எடுத்தார்கள். ஒருமுறையாவது அந்தக் காட்சிகளோடு கேளுங்கள், கோபம் யாருடையது என்ற கேள்வி மாறிவிடும்.

‘தி அன்நேம்ட் ஃபீலிங்’ பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஆல்பத்தில் நான் ஒட்டிக்கொண்டதே அந்தப் பாட்டால்தான். பேர் வைக்க முடியாத ஒரு தவிப்பு உள்ளேயிருந்து ஏறி வருவதைப் பற்றியது அது. நம் வீட்டில் இதற்குச் சொல் இருக்கிறது. அம்மா சமையல்கட்டில் வேலையைப் பாதியில் விட்டு வந்து சுவரில் சாய்ந்து உட்காருவாள். “என்னம்மா செய்யுது?” என்றால், “என்னமோ மாதிரி இருக்கு” என்பாள். டாக்டரிடம் கூட்டிப் போனால் பிரஷர் சரியாக இருக்கும், சுகர் சரியாக இருக்கும். அந்த ‘என்னமோ மாதிரி’தான் இந்த ஏழு நிமிடம். ஹெட்ஃபீல்டு இங்கே மிரட்டுகிற குரலில் பாடவில்லை. குரல் சில இடங்களில் சுதியில் நிற்காமல் நழுவுகிறது. அதைத் திருத்தாமலே விட்டிருக்கிறார்கள். பதினேழு பதினெட்டு வயதில் முதல் தடவை கேட்டபோது, அம்மாவுக்கு இருப்பது உலகத்தில் இன்னொருத்தருக்கும் இருக்கிறது, அதுவும் இப்பேர்ப்பட்ட ஒரு ஆளுக்கு என்று தோன்றியது. அதற்குப் பிறகுதான் நான் அம்மாவிடம் அதைப் பற்றிப் பேசவே ஆரம்பித்தேன்.

மூன்றாம் நாள் இரண்டே பாட்டு: ‘சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்’, பிறகு மூல வடிவத்தில் ‘ஆல் விதின் மை ஹேண்ட்ஸ்’. இரண்டும் எட்டு நிமிடத்துக்கு மேல். இரண்டாவதன் கடைசியில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்துகிறார். முதல் நாள் கேட்ட அமைதியான வடிவம் நினைவில் இருக்கும்போது அந்தக் கத்தலைக் கேட்டால் மிரட்சியாக இருக்காது, பரிதாபமாக இருக்கும். எல்லாவற்றையும் தன் பிடியிலேயே வைத்திருக்க நினைக்கிறவனின் பாட்டு அல்லவா அது.

மிச்சம் உள்ளவற்றைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். ‘இன்விசிபிள் கிட்’ எட்டரை நிமிடம், நாலு நிமிடத்தில் சொல்லி முடித்திருக்கலாம். ‘மை வேர்ல்ட்’, ‘பியூரிஃபை’ இரண்டும் என்னை இன்னும் தொடவில்லை.

ஐந்தாம் படி: தனித்தனியாக எடைபோடுங்கள்

ஒரு தாள் எடுத்து மூன்று கேள்விக்குத் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள்: ஒலி எப்படி, பாட்டின் கட்டமைப்பு எப்படி, பாடுகிற ஆள் சொல்வதை நம்புகிறீர்களா. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கிப் போடுவதால்தான் இந்த ஆல்பத்தைப் பற்றிய பேச்சு எப்போதும் குழம்பிப் போகிறது.

ஒலியை மட்டும் குற்றம் சொல்கிறவர்களிடம் நான் 1988-ல் வந்த ‘...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ ஆல்பத்தை எடுத்து வைப்பேன். அதில் நியூஸ்டெட் வாசித்த பேஸ் கிட்டத்தட்ட கேட்கவே கேட்காது. அதுவும் பதிவில் நேர்ந்த பெரிய குறைதான். இருந்தும் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம், பாட்டுகள் தூக்கி நிறுத்திவிட்டன. 2008-ல் வந்த ‘டெத் மேக்னடிக்’ ஒலியை அளவுக்கு மீறி ஏற்றியதால் கரகரத்தது. ஒரு வீடியோ கேமில் வந்த அதே பாட்டுகள் தெளிவாக இருக்கின்றன என்று ரசிகர்கள் அதைத் தேடிப் போனார்கள். அந்த ஆல்பத்தையும் மன்னித்துவிட்டோம். ஆக, ஒலி மட்டும் காரணமாக இருக்க முடியாது.

என் தாளில் இரண்டாவது கேள்விக்குத்தான் மதிப்பெண் குறைகிறது. பாட்டுகள் நீளம். வெட்டி ஒட்டிய வேலையில் வெட்டுவது குறைந்துபோய் ஒட்டுவது கூடிவிட்டது. ஒரே ரிஃப் நாலாவது தடவை வரும்போது புதிதாக எதையும் கொண்டு வருவதில்லை. ‘சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்’ பாட்டை அவர்களே பின்னால் பாதிக்குப் பக்கத்தில் சுருக்கி வெளியிட்டார்கள். சுருக்கிய வடிவம் ஓங்கி அறைகிறது.

கிட்டார் மட்டும் தனியாக முன்னால் வந்து வாசிக்கிற சோலோவும் இல்லை. கர்க் ஹாமெட் மாதிரி ஒரு வாசிப்பாளரை வைத்துக்கொண்டு 75 நிமிடத்தில் ஒரு சோலோ கூட இல்லை. அவர் இதற்கு எதிராகவே வாதாடினார். சோலோவை எடுத்தால், சோலோ இல்லாததே நாகரிகமாக இருக்கிற இந்தக் காலத்தின் முத்திரை ஆல்பத்தில் விழுந்துவிடும் என்பது அவர் வாதம். அது உண்மையாகிவிட்டது. அன்றைக்கு நு-மெட்டல் என்ற புது பாணி மெட்டலின் அலையில் சோலோ என்றாலே பழசு என்ற எண்ணம் இருந்தது, இன்று கேட்கும்போது அந்த ஒரு இடத்தில் 2003 என்று தேதி போட்டு வைத்த மாதிரி இருக்கிறது. இந்த விஷயத்தில் நான் ஹாமெட் கட்சி.

மூன்றாவது கேள்விக்கு என்னிடம் முழு மதிப்பெண்.

ஆறாம் படி: படம் பார்ப்பது, ஆனால் இப்போதுதான்

ஜோ பெர்லிங்கரும் புரூஸ் சினோஃப்ஸ்கியும் இந்த ஆல்பம் உருவானதைக் கூடவே இருந்து படமெடுத்து, 2004-ல் ‘சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்’ என்ற ஆவணப்படமாக வெளியிட்டார்கள். எங்கள் அறையில் ஆல்பத்தை வெறுக்கிறவர்கள் கூடப் படத்தை ஒத்துக்கொள்வார்கள். படத்தை முதலில் பார்த்தவர்கள் ஆல்பத்தைப் படத்தின் பின்னணி இசையாகத்தான் கேட்கிறார்கள், பாட்டு தன் காலில் நிற்கிற வாய்ப்பே போய்விடுகிறது. அதனால் மூன்று நாள் கேட்டு முடித்த பிறகு பாருங்கள். ஹாமெட் அமைதியாகச் சோலோவுக்காகப் பேசுகிற இடத்தையும், ஹெட்ஃபீல்டு கதவை அறைந்துவிட்டு வெளியேறுகிற இடத்தையும் தவறவிடாதீர்கள்.

ஏழாம் படி: மற்ற வடிவங்களோடு ஒப்பிடுங்கள்

ஆல்பத்தோடு ஒரு டிவிடியும் கொடுத்தார்கள். ட்ரூஹியோ சேர்ந்த பிறகு, ஒத்திகை அறையில் 11 பாட்டையும் நேரடியாக வாசித்த பதிவு. ரசிகர்களில் நிறையப் பேருக்கு ஆல்பத்தைவிட இதுவே பிடிக்கும். எனக்கும் பல பாட்டுகளில் அப்படித்தான். நாலு பேர் ஒரே அறையில் ஒரே மூச்சில் வாசிப்பதால் தையல் தெரிவதில்லை.

2015-ல் ரசிகர்கள் சிலர் சேர்ந்து மொத்த ஆல்பத்தையும் வழக்கமான டிரம் ஒலியோடு புதிதாக வாசித்து வெளியிட்டார்கள். அதையும் கேட்டுப் பாருங்கள். சுத்தமாக இருக்கிறது, எங்கேயும் உறுத்தவில்லை. எனக்கு அந்தக் கல்லூரி மேடையில் நெம்புகோல் மேலே போன நொடி ஞாபகம் வந்தது. ஆனால் இந்த வடிவத்தால்தான் பாட்டே பிடித்தது என்று சொல்கிற நண்பர்களும் எங்கள் அறையில் இருக்கிறார்கள். அவர்களோடு நான் வாதாடுவதில்லை.

இசைக்குழுவுக்குள்ளேயே இந்தப் பிளவு இருக்கிறது. அந்த ஒலிக்கு நூறு சதவீதம் பொறுப்பேற்கிறேன் என்று உல்ரிக் இன்றைக்கும் சொல்கிறார். ஹெட்ஃபீல்டு, அந்தத் தகர ஸ்னேர் கொஞ்சம் குறைந்திருக்கலாம், ஆனாலும் அது எங்கள் வரலாற்றில் ஒரு பகுதி, மாற்றக்கூடாது என்கிறார். மேடையில் இந்த ஆல்பத்துப் பாட்டுகளை அபூர்வமாகத்தான் எடுக்கிறார்கள். 2011 அக்டோபர் 30-ஆம் தேதி பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் அவர்கள் வாசித்தபோது, மதுரையிலிருந்து ராத்திரி ரயிலேறிப் போன கூட்டத்தில் நானும் இருந்தேன். அன்றைக்கு இதிலிருந்து ஒரு பாட்டுகூட வரவில்லை. தொண்டை கிழியக் கேட்டுப் பார்த்தோம். அதேசமயம், 2017-ல் அவர்கள் தொடங்கிய அறக்கட்டளைக்கு வைத்த பேர் ‘ஆல் விதின் மை ஹேண்ட்ஸ்’. மேடையில் கூச்சப்பட்டு ஒதுக்குகிற ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டை எடுத்துத் தர்ம காரியத்துக்குப் பேராக வைத்திருக்கிறார்கள்.

(பெங்களூர் கச்சேரிக்கு மறுநாள்தான் ராக் பாடகர் லூ ரீடோடு சேர்ந்து செய்த ‘லூலூ’ ஆல்பம் வந்தது. அதற்குக் கிடைத்த வசவு இதைவிடப் பெரியது. அதற்கு வேறு வழிகாட்டி வேண்டும்.)

எட்டாம் படி: பிடிக்காதவரோடு உட்கார்ந்து கேளுங்கள்

யாருக்குப் பிடிக்கிறது, யாருக்குப் பிடிக்கவில்லை என்பதில் நான் பார்த்த வரை வயதுக்குப் பங்கு உண்டு. எண்பதுகளின் ஆல்பங்களைக் கேசட் தேயத் தேயக் கேட்டவர்களுக்கு இது துரோகம் மாதிரி இருந்தது. டவுன்ஹால் ரோட்டில் கேசட் வாங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே, பிரித்த கையோடு திருப்பிக் கொடுக்க வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஸ்லிப்நாட், கார்ன் மாதிரி நு-மெட்டல் குழுக்களைக் கேட்டு உள்ளே வந்த என் வயதுக்காரர்களுக்கு இது முதல் மெட்டாலிகா, அதனால் ஒப்பிட ஒன்றுமில்லை. இப்போது போனில் கேட்கிற பிள்ளைகளுக்கு எல்லா ஆல்பமும் ஒரே நாளில் வந்த மாதிரிதான். அவர்கள் ஏன் சண்டை என்று கேட்கிறார்கள்.

எங்கள் அறைக்கு மூத்த அண்ணன் ஒருவர் வருவார். என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர், மெட்டாலிகாவின் பழைய ஆல்பமான ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ மொத்தமும் கிட்டாரில் மனப்பாடம். செயின்ட் ஆங்கர் போட்டால் டீ குடிக்க இறங்கிவிடுவார். போன வருடம், “அண்ணே, ஒரே ஒரு பாட்டு, எனக்காக” என்று கெஞ்சி உட்கார வைத்து ‘தி அன்நேம்ட் ஃபீலிங்’ போட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும், “டிரம்மு இப்பவும் ஆகலடா எனக்கு” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தக் கடைசியில வர்ற எடம் மட்டும் திரும்பப் போடு” என்றார். போட்டேன். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. யாரையாவது கூட்டி வந்தால் ஒரு பாட்டு போடுங்கள். அதன் பிறகு வாயை மூடிக்கொண்டிருங்கள்.

கடைசிப் படி: ஒரே மூச்சில் முழு ஆல்பம்

இப்போது முழுதாக, ஆல்பம் போட்ட வரிசையிலேயே கேட்கலாம். நான் இதற்கு ஒரு பயணம் வைத்திருக்கிறேன். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் திண்டுக்கல் பஸ், வலது பக்க ஜன்னல் சீட். பஸ் நகரும்போது ‘ஃப்ராண்டிக்’ போடுங்கள். காது பழகியிருப்பதால் பஸ்ஸின் இரைச்சல் இனித் தடையில்லை. சமயநல்லூர் தாண்டி வாடிப்பட்டி வரும்போது ஆல்பத்தின் இறுக்கமான பகுதியில் இருப்பீர்கள். அந்தப் பக்கமெல்லாம் சிறுமலை கூடவே வரும். கொடைரோடு வரும்போது களைப்பு தட்டும், ஆல்பத்தின் தொய்வான இடமும் அதுதான். தாண்டிவிடாதீர்கள், ஓடட்டும். ‘தி அன்நேம்ட் ஃபீலிங்’ அதற்குப் பிறகுதான் வருகிறது. கடைசிப் பாட்டின் கத்தல் முடியும்போது பெரும்பாலும் திண்டுக்கல் ஊருக்குள் நுழைந்திருப்பீர்கள். இறங்கி ஒரு டீ சாப்பிட்டுவிட்டு, திரும்பி வருகிற பஸ்ஸில் அந்த 2018 கச்சேரி வடிவத்தை ஒருமுறை போடுங்கள்.